பாட்டு ரூம் சுவரும் ஓர் உளுந்தும்

ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்காரிகளே,

பள்ளிக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்ற மனுவோடு இணைக்க ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். ‘நம் பள்ளிக் கட்டடத்தின் பாரம்பரிய மதிப்பு’ என்று தலைப்பும் நீங்களே கொடுத்துவிட்டீர்கள். காலமெல்லாம் தமிழ் வாத்தியாராக இருந்தவளுக்கு ஒரு பக்கம் எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்திருப்பீர்கள். நான்கு நாள் ஆயிற்று. வளைவுகள், தேக்கு உத்தரங்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் என்று அடுக்கிக்கொண்டே போனேன். படித்துப் பார்த்தால் கல்யாண மண்டப விளம்பரம் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு என்னை நம் வாட்ஸ்அப் குழுவில் வைத்துக்கொள்வதா, தூக்கிவிடுவதா என்பது உங்கள் இஷ்டம்.

பள்ளிக்கூடம் கப்பலூர்ப் பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போய் வருஷங்கள் ஆகின்றன. பழைய கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. உங்களில் பாதிப் பேர் மகன் வீடு, மகள் வீடு என்று வெளிநாட்டில் இருக்கிறீர்கள். ஒருத்தி வாடிப்பட்டியில் முழங்கால் வலியோடு படி இறங்காமல் இருக்கிறாள். பள்ளி இருந்த தெருவிலேயே குடியிருப்பவள் நான் ஒருத்திதான். அதனால் ஆடி மாதம் பாரம்பரியக் கட்டடங்களைப் பார்வையிடும் பெண் பொறியாளர் வந்தபோது, சாவி வாங்கிக் கதவைத் திறந்துவிடும் வேலை என் தலையில் விழுந்தது.

சின்னப் பெண். நம் பேத்தி வயதுதான் இருக்கும். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. பாட்டு ரூமுக்கு வெளியே உள்ள நடையில் நின்று, தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போலச் சுவரை விரல் முட்டியால் தட்டினாள்.

“இது பழைய பூச்சு இல்லையேம்மா. உள்ள சுண்ணாம்பு, மேல சிமெண்ட்டு. யாரு இப்படிப் பண்ணுனது?”

“தெரியலையேம்மா” என்றேன்.

“சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடணும்மா. சிமெண்ட்ட வச்சு அடச்சுட்டா ஈரமெல்லாம் உள்ளயே நின்னுரும். இத்தன வருசமா நின்னுருக்கு. அதான் உத்தரக் கட்டையெல்லாம் செவுத்துக்குள்ள போற எடத்துல மக்கிப்போச்சு. மூலை பிளந்துருக்கு பாருங்க.”

பாட்டு ரூமின் வெளிமூலையில் ஒரு விரிசல், மேலிருந்து கீழ் வரை. என் சுண்டுவிரல் உள்ளே போயிற்று. அவள் பையிலிருந்து ஸ்கேல் அகலத்தில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை எடுத்தாள். விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சாந்து அப்பி ஒட்டினாள்.

“செவுரு கொஞ்சம் நகந்தாலும் இது ஒடஞ்சுரும். ஒடையாம ஐப்பசி மழையத் தாண்டிருச்சுன்னா, கட்டடம் உறுதியா இருக்குன்னு நான் எழுதித் தருவேன். பட்டியல்ல சேத்துருவாங்க. அப்புறம் யாரும் இடிக்க முடியாது. ஒருவேள ஒடஞ்சா, அன்னைக்கே எனக்குச் சொல்லிருங்க. முட்டுக் குடுத்து நிறுத்திரலாம். லேட் மட்டும் பண்ணிராதீங்கம்மா.”

அன்றிலிருந்துதான் நம் குழுவில் தினமும் காலையில் அந்தக் கேள்வி. “கண்ணாடி எப்படி இருக்கு?” பால் வாங்கப் போகும்போது எட்டிப் பார்த்துவிட்டு வந்து நானும் தினமும் பதில் போட்டுக்கொண்டிருக்கிறேன். “அப்படியேதான் இருக்கு.”

அந்தப் பெண்ணிடம் தெரியாது என்று சொன்னது பொய். அந்தச் சுவரைக் கொத்திச் சிமெண்ட் பூசியதன் உண்மையான காரணம் உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். இனி உங்களுக்கும் தெரியட்டும்.

சுவர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் கலந்து பூசி, நாள்கணக்கில் கூழாங்கல்லால் தேய்த்த சுவர் என்று இந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு நமக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். பங்குனி வெயிலில் கன்னத்தை ஒட்டவைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி குளிரும். இன்னொன்று, முகம் தெரியும். போர்டிங்கில் கண்ணாடி கூடாது என்று மதர் சட்டம் போட்டிருந்தார். ஒருத்தி தலையை இன்னொருத்திதான் வாரிவிட வேண்டும். அதனால் போர்டிங்காரிகள் பாட்டு வகுப்புக்கு மட்டும் முந்திக்கொண்டு ஓடினார்கள். சங்கீதத்தின் மேல் அப்படி ஒரு பக்தி என்று பாட்டு சிஸ்டர் பூரித்துப்போனார். நம் நெற்றி உயரத்தில் அந்தச் சுவரில் வரிசையாகத் தேங்காயெண்ணெய்க் கறை இருக்கும். கறை படியாத இடம் தேடி முகம் பார்ப்போம்.

உசிலம்பட்டியிலிருந்து வந்த போர்டிங்காரியையும் மறந்திருக்க மாட்டீர்கள். அவள் அய்யா சந்தையில் மாட்டுத் தரகர். கணக்கு டீச்சர் பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பக்கத்து இடம். என் தயிர்சாதம் அவளுக்கு, போர்டிங்கின் காரக் குழம்பு எனக்கு என்பது எங்கள் ஏற்பாடு. மற்றவர்கள் பொட்டையும் பின்னலையும் பார்க்கச் சுவருக்குப் போனார்கள். அவள் போனது வேறு ஒன்றுக்காக.

ஒரு நாள் மதிய இடைவேளையில் என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, காகிதத்தில் மடித்து வைத்திருந்த தோல் நீக்காத கறுப்பு உளுந்து ஒன்றை எடுத்தாள். எச்சில் தொட்டு அதை வாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிறகு அதை எடுத்துவிட்டு என்னிடம் முகத்தைக் காட்டினாள். உளுந்து இருந்த இடத்தில், அதைவிடச் சின்னதாக, ஒரு வெள்ளைப் புள்ளி.

“எங்க அத்தைக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுச்சாம். இப்ப மொகமெல்லாம் பரவிருச்சு. அதுக்குத் தனித் தட்டு, தனிச் செம்பு. கல்யாணமும் ஆகல. எனக்கும் வந்துருச்சுன்னு தெரிஞ்சா எங்கய்யா வந்து கூட்டிட்டுப் போயிருவாரு. படிப்பு போச்சு.”

“டிஸ்பென்சரி சிஸ்டர்ட்ட காட்டலாம்ல?”

“பெருசானா காட்டணும். உளுந்து மூடுற வரைக்கும் பயமில்ல. நீ யார்ட்டயும் சொல்லிராத.”

நான் யாரிடமும் சொல்லவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் எழுதினேன்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. மாதா கோயிலில் சுரூபங்களை, அந்தச் சிலைகளையெல்லாம், ஊதாத் துணியால் மூடிவிட்டார்கள். வராந்தாவில் ஒறுத்தல் பெட்டி வைத்தார்கள். பழைய பிஸ்கட் டின்னில் ஊதாக் காகிதம் ஒட்டி, மேலே துளை போட்டிருக்கும். நாம் விரும்பி விட்டுக்கொடுத்ததை ஒரு சீட்டில் பேர் போடாமல் எழுதிப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அசெம்பிளியில் மதர் படிப்பார். நல்ல சீட்டு எழுதியவள் பிறகு தனியாகப் போய்க் கையெழுத்தைக் காட்டினால், தங்க விளிம்பு போட்ட சம்மனசுப் படம், இறக்கை வைத்த தேவதூதர் படம், கிடைக்கும். ஞானோபதேச வகுப்புக்குப் போகிறவர்களுக்குத்தான் அது கட்டாயம். மாரல் வகுப்பில் உட்காரும் நம்மைப் போன்ற இந்துப் பிள்ளைகளும் ஆசைப்பட்டால் போடலாம். நான் ஆசைப்பட்டேன். அந்தப் படத்துக்காக எனக்கு உயிரே போயிற்று.

ஆனால் விட்டுக்கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? என் அப்பா கோயில் அலுவலகத்தில் குமாஸ்தா. எங்கள் வீட்டில் காப்பிக்குச் சர்க்கரை போடுவதே ஞாயிற்றுக்கிழமைதான். ‘காப்பியில் சர்க்கரை வேண்டாம் என்றேன்’ என்று எழுதினால் பொய்யாகிவிடும். பொய் எழுதக் கூடாது என்று அந்த வயதில் பிடிவாதமாக இருந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. யோசித்து யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஒரு வாரம் அந்த நடையைத் தலைகுனிந்தே கடந்தேன். பிறகு முத்து முத்தான கையெழுத்தில் எழுதிப் போட்டேன். ‘பாட்டு ரூம் சுவரில் ஏழு நாளாக முகம் பார்க்கவில்லை.’

வெள்ளிக்கிழமை மதர் ஒவ்வொன்றாகப் படித்தார். ‘தம்பியைக் கிள்ளவில்லை.’ ‘ஐஸ் வாங்கித் தின்னவில்லை.’ என் சீட்டு வந்தது. நாலாக மடித்திருந்ததால் எனக்கு அடையாளம் தெரிந்தது. மதர் அதைப் பிரித்தார், மனதுக்குள் படித்தார், திரும்ப மடித்து அங்கியின் கைக்குள் செருகிக்கொண்டார். அடுத்த சீட்டைப் படித்தார். அவ்வளவு உயர்ந்த ஒறுத்தல் என்பதால் தனியாகக் கூப்பிட்டுப் படம் கொடுக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியை எதால் அடிப்பது!

அன்று சாயங்காலம் மணி அடித்த பிறகு, படம் கிடைக்குமா என்று பார்க்க மதரைத் தேடிப் போனேன். பாட்டு ரூம் நடையில் தனியாக நின்றிருந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார். எண்ணெய்க் கறைகளைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் குனிந்து, தன் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். சட்டென்று யாரோ கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்து, விறுவிறுவென்று போய்விட்டார். கன்னியர் மடத்திலும் கண்ணாடி கிடையாது. தன் முகத்தை அவர் எத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்று பார்த்தாரோ. அதில் எதைக் கண்டு பயந்தாரோ. நம்முடைய அகங்காரத்தைத்தான் அவர் உடைத்தார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எனக்கு என்னவோ அப்படித் தோன்றவில்லை.

திங்கட்கிழமை கொத்தனார்கள் வந்துவிட்டார்கள். வழவழப்பான சுவரில் சிமெண்ட் பிடிக்காது. அதனால் முதலில் கூர் உளியால் சுவர் முழுக்கக் கொத்திவிட வேண்டும். இரண்டு நாள் அந்தச் சத்தம். நாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் டக் டக் டக். வெள்ளைத் தூசி ஆர்மோனியத்தின் மேலெல்லாம் படிந்தது. தலைமைக் கொத்தனார் மட்டும் மதரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“மதர், இந்த வேலைய இனிமே செய்ய ஆள் கெடையாது. மேல வெள்ளை அடிச்சு மறச்சுருவமா? கொத்துனா கொத்துனதுதான்.”

“பிள்ளைங்க சொரண்டிருவாங்க” என்றார் மதர். “கொத்துங்க.”

கோடை விடுமுறையில், ஒரு சுவர் மட்டும் வேறு மாதிரி இருந்தால் அசிங்கமாக இருக்கிறதென்று கட்டடம் முழுவதையும் கொத்திப் பூசிவிட்டார்கள். திறந்தபோது எல்லாம் சாம்பல் நிறம். எங்கே கன்னத்தை வைத்தாலும் சொரசொரவென்று அனல் அடித்தது. புதுக் கட்டடம் மாதிரி ஆகிவிட்டது என்று நம் வீடுகளிலெல்லாம் மெச்சினார்கள். என் அப்பாவும்தான்.

ஆனால் விடுமுறைக்கு முந்தின அந்த வாரங்களைத்தான் நான் சொல்ல வேண்டும்.

கொத்திய சுவர் முன்னால் உசிலம்பட்டிக்காரி உளுந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் எழுதிய சீட்டைப் பற்றி அவளுக்குத் தெரியாது. கடைசி வரை தெரியாது. உளுந்தை என் கையில் கொடுத்தாள்.

“இனி நீதான்டி பாத்துச் சொல்லணும்.”

தினமும் காலை மணி அடிப்பதற்கு முன்னால், வேப்ப மரத்தடியில் அவள் முகத்தை நீட்டுவாள். நான் உளுந்தை அந்த இடத்தில் வைப்பேன். அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள்.

“எம்புட்டு இருக்கு?”

“அதே அளவுதான். மூடுது.”

முதல் இரண்டு நாள் அது உண்மை. மூன்றாவது நாள் உளுந்தைச் சுற்றி நூல் மாதிரி ஒரு வெள்ளை தெரிந்தது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்தேன். “மூடுது” என்றேன். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அந்த மலர்ச்சிக்காகவே அடுத்த நாளும் சொன்னேன். அதற்கு அடுத்த நாளும் சொன்னேன். புள்ளி மொச்சை அளவு ஆயிற்று. புளியங்கொட்டை அளவு ஆயிற்று. நான் அந்தச் சின்ன உளுந்தை அதன் நடுவில் வைத்துவிட்டு “மூடுது” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மற்றவர்கள் பார்த்தார்கள், பின்னால் பேசிக்கொண்டார்கள். அவளிடம் நேராக யாரும் சொல்லவில்லை. அவள் கேட்டது என்னை மட்டும்தான். என்னை மட்டும்தான் நம்பினாள்.

ஈஸ்டர் விடுமுறைக்கு அவள் அய்யா கூட்டிப்போக வந்தார். தோளில் துண்டு, கையில் எங்களுக்காக ஒரு பை வெள்ளரிப்பிஞ்சு. கேட்டருகில் மகளைப் பார்த்ததும் அவர் சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

“என்ன தாயி இது, வாயோரம்?”

“எதுய்யா?”

 எதிரே பெட்டிக்கடையில், வெற்றிலை வாங்குகிறவர்கள் தலை சீவிக்கொள்வதற்காக ஒரு கண்ணாடி தொங்கும். அவள் தெருவைக் கடந்து போய் அதில் பார்த்தாள். அய்யா டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவள் திரும்பி கேட் வரைக்கும் வந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

“மூடுதுன்னு சொன்னியே” என்றாள்.

அவ்வளவுதான். ஜூனில் அவள் வரவில்லை. வீட்டில் ஏதோ வேலையாம் என்றார் வகுப்பு டீச்சர். என் அம்மாவுக்கு விஷயம் தெரிந்து, உளுந்து வைத்த என் விரலை வேப்பிலை அரைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அது தொற்றாது, அது ஒரு நோயே இல்லை என்று சொல்ல அந்தத் தெருவில் ஒரு ஆள் இல்லை. டிஸ்பென்சரி சிஸ்டருக்கு மட்டும் தெரிந்திருந்தது. பின்னால் ஒரு நாள் அவரே என்னிடம் சொன்னார். “மொதல்லயே எங்கிட்ட காட்டிருந்தா அவ அப்பாட்ட நான் பேசியிருப்பேனேம்மா.” அன்று எனக்குப் பன்னிரண்டு வயது.

பிறகு அவளைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. எத்தனையோ தடவை உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட டிக்கெட் எடுக்கும் தைரியம் வந்ததில்லை. கிளம்புவதற்குள் இறங்கிவிடுவேன்.

இனி இந்த வருஷத்துக் கதை.

அந்தப் பொறியாளர்ப் பெண் கிளம்பும்முன் பாட்டு ரூமுக்குள் போய், சுவரோடு சாத்தியிருந்த பெரிய அலமாரியை வாட்ச்மேனை விட்டு நகர்த்தச் சொன்னாள். அன்றைக்கு நகர்த்தச் சோம்பல்பட்டுக் கொத்தனார்கள் விட்டுவைத்த இடம். இரண்டு முழ உயரம், ஒரு முழ அகலம். துப்பட்டாவால் துடைத்தாள். பழைய சுவர் பளிச்சென்று வந்தது.

“போதும்மா. மொத்தக் கட்டடமும் எப்படி இருந்துச்சுன்னு காட்ட இந்த எடம் போதும். மூலை மட்டும் நின்னுருச்சுன்னா ஜெயிச்சுருவோம்.”

அவள் போன பிறகு நான் குனிந்து பார்த்தேன். கண்புரை விழுந்த கண்ணுக்கு முகம் என்று எதுவும் தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று அசைந்தது. கன்னத்தை வைத்தேன். குளிர்ந்தது. கொஞ்ச நேரம் அழுதேன். உங்களுக்கு அந்த இடத்தின் படத்தை அனுப்பினேன், ஞாபகம் இருக்கும். துபாய்க்காரி பத்து இதயம் போட்டிருந்தாள்.

ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை பால் பாத்திரத்தோடு போய்ப் பார்த்தேன். கண்ணாடித் துண்டின் குறுக்கே ஒரு மயிரிழை ஓடியிருந்தது. விரலால் தடவினேன். நகம் மாட்டிற்று.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தேன். அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடினேன். அதற்குள் உங்கள் கேள்வி வந்து கிடந்தது. பெங்களூர்க்காரி பேத்தியோடு கிறிஸ்துமஸுக்கு வரப்போவதாகவும், அந்தச் சுவரில் இருவரும் முகம் பார்க்கப்போவதாகவும் எழுதியிருந்தாள். விரல் தானாகப் போயிற்று. “அப்படியேதான் இருக்கு.” கைகூப்பும் படங்களாகப் போட்டுத் தள்ளினீர்கள். மறுநாளும் அதையே எழுதினேன். துண்டு இரண்டாகி, நடுவில் ஈர்க்குச்சி நுழையும் இடைவெளி வந்த நாளிலும் எழுதினேன். அந்தப் பெண் ஒரு தடவை போனில் கேட்டபோது அவளுக்கும் அதையே சொன்னேன். ஏன் என்று கேட்காதீர்கள். அறுபது வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எதிரே இருப்பவள் முகம் வாடுவதைப் பார்க்கிற தெம்பு எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

போன செவ்வாய்க்கிழமை மதியம் மூலை இடிந்து விழுந்தது. சத்தம் என் அடுப்படி வரை கேட்டது. பாட்டு ரூம் கூரையும் கூடவே இறங்கிவிட்டது. அலமாரிக்குப் பின்னால் இருந்த அந்த இடமும் போயிற்று. வாட்ச்மேனோடு சேர்ந்து இடிபாட்டைக் கிளறிப் பார்த்தேன். கைக்கு அடக்கமாக ஒரு சில்லுகூடக் கிடைக்கவில்லை. எல்லாம் பொடி. மறுநாளே ஆபத்தான கட்டடம் என்று கேட்டில் அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். நேற்று இயந்திரம் வந்தது. வண்ணக் கண்ணாடி ஜன்னல்களை முதலில் பெயர்த்து எடுத்து, வேப்ப மரத்தில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். இதை எழுதும்போதும் சத்தம் கேட்கிறது. டக் டக் என்று இல்லை, ஒரே உறுமல்.

மனுவின் படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, கவனித்தீர்களா? ‘மூலப் பூச்சு அகற்றப்பட்டதற்கான காரணம்.’ தெரியவில்லை என்று எழுதிவிடலாம் என்றீர்கள். வேண்டாம். இனி மனுவே வேண்டாம்.

இன்று காலையும் கேட்டிருக்கிறீர்கள், கண்ணாடி எப்படி இருக்கு என்று. உடைந்துவிட்டது. உடைந்து இருபத்திரண்டு நாள் ஆயிற்று. முட்டுக் கொடுத்திருந்தால் நின்றிருக்கும். உளுந்தும் மூடவில்லை. மூன்றாவது நாளிலிருந்தே மூடவில்லை.